கிளினிக் நாளில் வந்த பாரை

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு, சித்திரை மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை. காலை ஏழு மணி.

எழுவைதீவிலிருந்து வந்த வள்ளம் ஊர்காவற்றுறை இறங்குதுறையில் முட்டியபோது, சில்வெஸ்ரர் அதன் அடித்தட்டில் ஒரு பாயில் கிடந்தார். கண் பாதி திறந்திருந்தது. ஈறுகளிலிருந்து கசிந்த இரத்தம் தாடியில் காய்ந்திருந்தது. உடம்பு நெருப்பாய்ச் சுட்டது. காவலில் நின்ற கடற்படைக்காரன் பாயை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, அடையாள அட்டை கேட்காமலே கையை அசைத்துப் போகச் சொன்னான். அந்தத் துறையில் அட்டை காட்டாமல் ஒரு ஆள் உள்ளே போனதை அன்றைக்குத்தான் பார்த்ததாகப் பிறகு எல்லோரும் சொன்னார்கள்.

பாயின் தலைப்பக்கத்தைத் தூக்கி வந்தவர் சில்வெஸ்ரரின் தம்பி லியோன். கால்பக்கத்தைக் கிராம அலுவலரான விதானையார் பரமலிங்கம் பிடித்திருந்தார். பிடித்திருந்தார் என்று சொல்வது மரியாதைக்கு. அவருடைய ஒரு கையில் குடை இருந்தது, பாரம் முழுவதும் லியோனின் தோளில் இருந்தது. பின்னால் மனைவி சூசையம்மா, சேலைத் தலைப்பில் ஒரு குளிசைப் போத்திலை முடிந்துகொண்டு அழுதபடி வந்தாள். எல்லோருக்கும் கடைசியாக மருமகள் பிரியதர்சினி வந்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஒருவரும் நடக்கவில்லை.

"நஞ்சு," என்றார் விதானையார், ஆஸ்பத்திரிப் படியில் கால் வைப்பதற்கு முன்னமே. "நான் பாத்த உடனை சொல்லிப்போட்டன்."

அந்தச் சிறிய ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு டொக்டர்தான். சத்தியபாமா, வடமராட்சிக்காரி, நாற்பதை எட்டிக்கொண்டிருந்தவர். முந்தின வருடம் தடுப்பூசிக் குளிர்ப்பெட்டியின் மண்ணெண்ணெய் களவு போனபோது, வேலையாட்கள் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, அவர்கள் கொண்டுவந்த மத்தியானச் சோற்றுப் பெட்டிகளை முகர்ந்து பார்த்தே கள்ளனைப் பிடித்தவர். அதற்குப் பிறகு ஊரில் கோழி காணாமற்போனாலும் சனம் அவரிடம்தான் வரும். வேலை நேரத்தில் என்ன கோழி என்று சினப்பார். ஆனால் கோழியையும் கண்டுபிடித்துக் கொடுப்பார். தான் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்க்கிற ஆள் என்று அவருக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமை அன்றைக்குப் பின்னேரம் வரைதான் தாக்குப்பிடித்தது.

சில்வெஸ்ரரைக் கட்டிலில் கிடத்தினார்கள். நரம்பு தேடி இரண்டு கைகளையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார் டொக்டர். வெயிலில் காய்ந்த கையில் முழங்கை மடிப்பு மட்டும் வெளிறிச் சுத்தமாய் இருந்தது. இடது மடிப்பில் ஊசி ஏற்றி இரத்தம் எடுத்தார். வலது புறங்கையில் சேலைனைக் கொழுவினார். வாயைத் திறந்து பார்த்தபோது நாக்கிலும் கன்ன உள்ளிலும் வெள்ளைப் புண்கள். நெஞ்சில் குண்டூசி குத்தினாற்போல் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள்.

சில்வெஸ்ரரின் வருத்தம் அவருக்குப் புதிதல்ல. இரத்தம் தடிக்கிற வருத்தம். எலும்பு மச்சை வேண்டியதற்கு மேல் இரத்த அணுக்களைச் செய்து தள்ளும். விட்டால் எங்கேயாவது கட்டிபட்டு அடைக்கும். குளிசை அதை அடக்கும். குளிசை கூடிப்போனால் வேண்டிய அணுக்களையும் சேர்த்து அடக்கிவிடும்; பிறகு காய்ச்சல் வரும், இரத்தம் நிற்காது. அதனால்தான் சில்வெஸ்ரர் மாதம் ஒருமுறை பட்டினத்துக் கிளினிக்கில் இரத்தம் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. சோதித்த எண்ணிக்கை எழுதிய துண்டுக் கடதாசி பின்னேரமே சத்தியபாமாவிடம் வரும். அவர் அதைப் பார்த்துக் குளிசையைக் கூட்டுவார், குறைப்பார். இரண்டு வருடமாய் அந்த எண்ணிக்கை ஒரு நிலையில் நின்றதில்லை. இறங்கிவிட்டதே என்று குறைத்தால் அடுத்த துண்டில் ஏறியிருக்கும். ஏறிவிட்டதே என்று கூட்டினால் சில மாதத்தில் பாதாளத்துக்குப் போயிருக்கும்.

கடைசித் துண்டு செவ்வாய்க்கிழமை வந்தது. சிவப்பணு கூடுதல், மற்றவை நல்ல நிலை. வெள்ளிக்கிழமை ஆள் இப்படிக் கிடக்கிறார்.

டொக்டர் விறாந்தைக்கு வந்தார். அங்கே வழக்கு ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. லியோன் மட்டும் இல்லை. வள்ளத்தைக் கட்டவும் சுவாமியாருக்குச் சொல்லவும் போயிருந்தார்.

சூசையம்மா போத்திலை அவிழ்த்து நீட்டினாள். "பாருங்கோ டொக்டர். இரண்டெண்டு எழுதிக் கிடக்குதாம். விதானையார் வாசிச்சவர். இவள் மூண்டு மூண்டாக் குடுத்திருக்கிறாள். நெடுந்தீவுக்குத் தாயிட்டைப் போக விடச் சொல்லி ஒரே சண்டை. ஆர் எனக்குக் குளிசை எடுத்துத் தாறது எண்டு மனிசன் மறிச்சவர். இந்தப் போத்திலோடை என்னைக் கட்டி வைச்சிருக்கினம் எண்டு போன கிழமை கத்தினவள். என்ரை காதாலை கேட்டனான்."

"எத்தினை குடுத்தனீர், பிள்ளை?" என்று கேட்டார் டொக்டர்.

"மூண்டு."

விறாந்தை முழுவதும் ஒரு மூச்சு இழுபட்டது.

"ஏன்?"

பிரியதர்சினிக்கு இருபத்துநாலு வயது. கணவன் றெக்ஷன் பிரான்சில். கலியாணம் முடிந்து இரண்டு மாதத்தில் போனவன். அவள் தலையை நிமிர்த்தி டொக்டரை நேரே பார்த்தாள். "நீங்கள்தான் இனி மூண்டு எண்டு சொல்லிவிட்டனீங்களாம். செவ்வாய்க்கிழமை சின்னமாமா வந்து சொன்னவர்."

எல்லோரும் டொக்டரைப் பார்த்தார்கள்.

அது உண்மை. செவ்வாய்க்கிழமை பின்னேரம், நோயாளர் நெரிசலுக்கிடையில், லியோன் நீட்டிய துண்டைப் பார்த்து, "இனி மூண்டு குடுக்கச் சொல்லுங்கோ" என்று சொன்னவர் அவர்தான். போத்திலில் இருந்த பழைய எழுத்தை மாற்றவும் இல்லை. ஆள் எங்கே என்று கேட்டதற்கு, "ஏலாமல் வள்ளத்திலை இருக்கிறார்" என்றார் லியோன். சரி என்று அனுப்பிவிட்டார்.

இப்போது அவர் சொல்ல வேண்டியது ஒரே ஒரு 'ஓம்'. அத்தனை கண்கள், உள்ளே சாகக் கிடக்கிற மனிதன், பிழையான அளவைச் சொன்ன டொக்டர் என்று நாளைக்கு மூன்று தீவுகளிலும் வரப்போகிற பேச்சு. வாய் அந்தச் சொல்லுக்குப் போகவில்லை.

"பார்ப்பம்," என்றார்.

பிரியதர்சினியின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. பார்வை மட்டும் விலகியது. விதானையாருக்கு அந்த ஒரு சொல் போதும். டொக்டரே மறுத்துவிட்டா என்று பொலிசுக்கு ஆள் அனுப்பினார்.

சத்தியபாமா அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். முகம் எரிந்தது. இப்போதே திரும்பிப் போய்ச் சொல்லிவிடலாம். முதலில் காரணத்தைக் கண்டுபிடிப்போம், பிறகு எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்வோம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அது சாட்டு என்று அவருக்கே தெரியும்.

மலேரியா பார்க்கிற நுணுக்குக்காட்டியில் சில்வெஸ்ரரின் இரத்தத்தை வைத்துப் பார்த்தார். வெள்ளணுக்களைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. இரத்தத்தை உறைய வைக்கிற தட்டணுக்கள் அநேகமாக இல்லை. செவ்வாய்க்கிழமைத் துண்டில் அவை நிறைந்து கிடந்தன. மூன்று நாளில் இப்படி இறங்காது. போத்திலை முழுவதாய்க் கவிழ்த்து விழுங்கியிருந்தாலும் மச்சை அடங்கி வெளியே தெரிய ஒரு கிழமைக்கு மேல் பிடிக்கும். அப்படியென்றால் பிரியதர்சினி கொடுத்த மூன்றும் இதற்குக் காரணமில்லை. பிறகு எது காரணம்?

சூசையம்மாவை உள்ளே கூப்பிட்டார்.

"வாய்ப்புண் எப்ப தொடங்கினது, அம்மா?"

"ஒரு கிழமைக்கு மேலை. உறைப்பு வாயிலை வைக்க ஏலாது, கஞ்சிதான். செவ்வாய்க்கிழமை கிளினிக்காலை வரேக்கை நல்ல பாரை ஒண்டு கொண்டந்தவர். ஆசையாக் குழம்பு வைச்சனான். ஒரு வாய் தின்னேல்லை. அவியுது எண்டு தள்ளிப்போட்டார்."

"உடம்பு எப்ப எப்பக் கூடச் சுகமில்லாமல் வரும்?"

"காத்துக் காலத்திலை, டொக்டர். வாடை அடிச்சாலும் சோளகம் எழும்பினாலும் உங்கடை துண்டிலை பிழையாத்தானே வரும். கடல் அடங்கிக் கிடந்தால் நல்லா வரும். அவற்றை இரத்தம் காத்தோடை மாறுது எண்டு நாங்கள் கதைக்கிறனாங்கள்."

டொக்டர் மேசையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். சரிதான். எண்ணிக்கை இறங்கினதெல்லாம் கடல் கொந்தளித்த மாதங்களில். ஏறினதெல்லாம் கடல் அடங்கிக் கிடந்த மாதங்களில். இந்த வருடம் மாசியிலிருந்து கடல் அசையாமல் கிடக்கிறது. மூன்று துண்டும் ஏறியே வந்தன. அவரும் கூட்டிக்கொண்டே போனார். காற்றுக்கும் எலும்பு மச்சைக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் விளங்கவில்லை.

அடுத்தது லியோன். நாற்பத்தைந்து வயது, சுருட்டுப் பிடித்துக் கறுத்த உதடு, தமையனைத் தூக்கி வந்ததில் சட்டை நனைந்திருந்தது. கதிரையில் உட்காரச் சொல்லியும் நின்றார்.

"செவ்வாய்க்கிழமை அண்ணையோடை போனனீங்களோ?"

"ஓம். இரண்டு பேரும் விடியப்புறம் வெளிக்கிட்டனாங்கள்."

"இரத்தம் எடுக்கேக்கை பக்கத்திலை நிண்டனீங்களோ?"

"இல்லை. உள்ளுக்கை ஆக்களை விடமாட்டினம்."

"கையிலை என்ன?"

லியோனின் இடது முழங்கை மடிப்பில், பிளாஸ்ரர் ஒட்டி உரித்த இடத்தில் பசை அழுக்குப் பிடித்துச் சதுரமாய்த் தெரிந்தது. அவர் கையை மடக்கிக்கொண்டார். "தூண்டில் கிழிச்சது."

"நான் மூண்டு குளிசை எண்டு சொன்னதை அவளிட்டைச் சொன்னனீங்களோ?"

"ஓம், சொன்னனான். ஏன் டொக்டர், அது பிழையோ?"

டொக்டர் பதில் சொல்லவில்லை. அன்றைக்கு அவர் பதில் சொல்லாமல் விட்ட இரண்டாவது கேள்வி அது.

மத்தியானம் தாண்டியது. ஊசி போட்டுச் சேலைன் மாற்றப் போனவர், சில்வெஸ்ரரின் இடது கையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். காலையில் அவர் இரத்தம் எடுத்த இடம், ஒரேயொரு மெல்லிய ஊசி ஏறின இடம், நாவற்பழ நிறத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப் பரந்திருந்தது. உறையாத இரத்தம். எங்கே குத்தினாலும் தோலுக்கடியில் இப்படித்தான் பரவும். மறைய நாள் பிடிக்கும்.

அவர் வலது கையைத் திருப்பினார். மடிப்பு வெளிறிச் சுத்தமாய் இருந்தது. காலையில் இரண்டு கைகளும் அப்படித்தான் இருந்தன. பார்த்தார், தன் கண்ணாலேயே பார்த்தார். நரம்பைத் தேடினாரே தவிர, இருக்க வேண்டிய காயத்தைத் தேடவில்லை.

பிறகு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. அந்தப் பாரையும் வந்தது. அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு வருடமாய் ஒவ்வொரு துண்டையும் எவ்வளவு கவனமாய் வாசித்திருக்கிறார். துண்டுக்குரிய ஆளை மட்டும் பார்க்கவில்லை.

பின்னேரம் மூன்று மணிக்குப் பொலிஸ் சார்ஜன்ட் வந்தார். டொக்டர் எல்லோரையும் விறாந்தையில் கூட்டினார். பிரியதர்சினி தூணோடு தனியே நின்றாள்.

"முதலிலை ஒண்டு சொல்லவேணும்," என்றார். "மூண்டு குளிசை குடுக்கச் சொன்னது நான். இந்தப் பிள்ளை சொன்னது முழுக்க உண்மை. காலமை எல்லாருக்கும் முன்னாலை நான் ஓம் எண்டு சொல்லியிருக்கவேணும். பயத்திலை சொல்லேல்லை."

விதானையார் குடையைக் கைமாற்றிப் பிடித்தார்.

"அந்த மூண்டாலையும் இது வரேல்லை. ஒரு கிழமைக்கு முந்தியே அவருக்கு வாய் அவிஞ்சு போச்சுது. அப்பவே இரத்தம் இறங்கிப் போச்சுது. ஆனால் செவ்வாய்க்கிழமைத் துண்டிலை எல்லாம் நல்லாக் கிடக்குது. இரண்டும் ஒரு ஆளுக்கு இருக்க ஏலாது."

"அப்ப துண்டு பிழையோ?" என்று கேட்டார் சார்ஜன்ட்.

"துண்டு சரி. ஆள்தான் பிழை. நான் காலமை குத்தின இடம் இப்ப எப்பிடிக் கறுத்திருக்குது எண்டு போய்ப் பாருங்கோ. செவ்வாய்க்கிழமை அவரிலை ஊசி ஏறியிருந்தால் அதுகும் அப்பிடிக் கறுத்துக் கிடந்திருக்கும். இரண்டு கையிலையும் ஒரு புள்ளி இல்லை." அவர் சூசையம்மாவின் பக்கம் திரும்பினார். "அம்மா, கிளினிக் நாளிலை மீன் வாறது செவ்வாய்க்கிழமை மட்டுமோ?"

"எப்பவும் வரும். காத்துக் காலத்திலைதான் வெறுங்கை."

"அந்த மீன் எங்காலை?"

எழுவைதீவில் மீன்பிடிக்கிறவன் காசு கொடுத்துப் பட்டினத்தில் பாரை வாங்கி வந்தான் என்று சொன்னால் கோவில் வாசலில் நின்று சிரிப்பார்கள். சூசையம்மா இரண்டு வருடமாய் அந்த மீனை வெட்டியிருக்கிறாள். கேட்கத் தோன்றவில்லை.

"கடல் அடங்கின நாளிலை சில்வெஸ்ரர் கிளினிக்குக்குப் போகேல்லை. கடலிலை நிண்டவர். கடல் அடிக்கிற மாதத்திலை மட்டும் தானே போனவர். அப்பத்தான் அவற்றை உண்மையான இரத்தம் வந்தது, இறங்கி வந்தது. நான் குளிசையைக் குறைச்சன். மற்ற மாதம் சுருட்டுக் குடிக்கிற நல்ல சுகதேகி ஓராள் இரத்தம் குடுத்தவர். சுருட்டுக் குடிச்சால் சிவப்பணு கூடும், அவருக்கு அந்த எண்ணிக்கை சரி. சில்வெஸ்ரருக்கு எண்டால் அது கூடிப்போன எண்ணிக்கை. மாசி தொடங்கி நான் குளிசையைக் கூட்டினன், அதுதான் இப்ப இவரை விழுத்தினது. தூண்டில் கிழிச்ச காயத்தை ஒருக்கால் காட்டுங்கோ, லியோன்."

லியோன் கையை நீட்டினார். பசைச் சதுரத்தின் நடுவே கிழிசல் எதுவும் இல்லை. ஒரு சின்னப் புள்ளி மட்டும்.

"அண்ணைதான் சொன்னவர்," என்றார். குரல் நிலத்தைப் பார்த்து வந்தது. "கடல் கிடக்கிற நாளை விட ஏலாது எண்டு. நேவி கடலுக்கு விடுகிறதே கொஞ்ச நேரம். மச்சாளுக்குச் சொல்லாதை எண்டவர். நான் அண்ணையின்ரை கிளினிக் அட்டையைக் கொண்டு போவன். அட்டையைக் காட்டு எண்டால் காட்டுவன், கையை நீட்டு எண்டால் நீட்டுவன். துறையிலை, பாலத்திலை, பட்டினத்திலை எல்லா இடமும் அப்பிடித்தானே டொக்டர். ஏதாவது கேப்பினம், குடுத்தால் விடுவினம். இரத்தமும் அப்பிடி ஒண்டெண்டு நினைச்சன். குடுத்தால்தான் குளிசை தருவினம் எண்டு. உங்களிட்டை நீட்டின துண்டும் பாஸ் மாதிரி ஒண்டெண்டுதான் நினைச்சன். அதிலை இருக்கிற இரத்தக் கணக்கைப் பாத்துத்தான் எத்தினை எண்டு சொல்லுறியள் எண்டு எனக்குத் தெரியாது. ஆணை, தெரியாது."

சார்ஜன்ட் தொப்பியை எடுத்துக்கொண்டார். இதில் பிடித்துக்கொண்டு போக யாரும் இல்லை என்றார், விதானையாரைப் பார்த்து.

"அவருக்குத் தெரியாது," என்றார் டொக்டர். "எனக்குத் தெரியும். தெரிஞ்சும் ஆளைப் பாக்காமல் துண்டைப் பாத்து மருந்து குடுத்தனான். வெட்கம் எனக்குத்தான் கூட."

அம்புலன்ஸ் பட்டினத்துக்குப் புறப்பட்டபோது லியோன் அதன் கதவருகில் வந்து நின்றார்.

"ஏறுங்கோ," என்றார் டொக்டர். "அங்கை அவருக்கு இரத்தம் ஏத்தவேணும். இந்த முறை உங்கடை பேரைச் சொல்லி இரத்தம் குடுங்கோ."

சில்வெஸ்ரர் பிழைத்தார். வைகாசிக் கடைசியில், சோளகக் காற்று துறையை மோதிக்கொண்டிருந்த ஒரு காலையில், மெலிந்து, தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். டொக்டரின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. டொக்டரும் அவர் கையைத்தான் பார்த்தார். மருந்தை நிறுத்தியபின் எண்ணிக்கை மீண்டுவிட்டது. இனிச் சிறிதாய்த் தொடங்க வேண்டும். ஊசியைத் தானே ஏற்றி, குழாயில் பெயரைத் தானே எழுதி, பட்டினத்துக்கு அனுப்பினார். பின்னேரம் துண்டு வந்தது.

சில்வெஸ்ரர் உள்ளே கட்டிலில் கிடக்க, சூசையம்மாவும் லியோனும் விதானையாரும் விறாந்தை வாங்கில் இருந்தார்கள். பிரியதர்சினி போத்திலோடு உள்ளே வந்தாள். ஒரு பயணப்பையும் வைத்திருந்தாள்.

டொக்டர் குரலைத் தாழ்த்தினார். "பிள்ளை, அண்டைக்கு நான்..."

"எத்தினை, டொக்டர்?"

"ஒண்டு. ஒரு நாள் விட்டு ஒரு நாள்."

"எனக்குக் கேட்டிட்டுது," என்றாள் பிரியதர்சினி. "நான் இனிக் குடுக்கமாட்டன். நெடுந்தீவுக்குப் போறன். வெளியிலை இருக்கிற ஆக்களுக்குக் கேக்கச் சொல்லுங்கோ."

சத்தியபாமா எழுந்து விறாந்தைக்கு வந்தார். காற்று இரைந்துகொண்டிருந்தது, சத்தமாய்ச் சொல்ல வேண்டியிருந்தது. ஒன்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள், சொன்னது நான் என்று மூன்று பேரின் முகத்தையும் பார்த்துச் சொன்னார். பிரியதர்சினி போத்திலை லியோனின் கையில் வைத்தாள். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு துறைப்பக்கம் நடந்தாள். சூசையம்மா எழுந்து அவளுக்குப் பக்கத்தில் நடக்கப் பார்த்தாள். அவள் நடையைக் குறைக்கவில்லை.